லண்டனில் இருந்த மகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். சரி என்றேன். பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐந்து ஸ்லைட் வேண்டுமாம், ஒவ்வொன்றிலும் மூன்று வரி, கடைசி ஸ்லைடுக்குத் தலைப்பு 'நான் கற்றுக்கொண்டவை'. இருபத்திரண்டு வருடம் இந்த ரொறன்ரோ ஹவுசிங் அலுவலகத்தில் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவளுக்கு மூன்று வரியில் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். நேரமில்லாதவர்கள் இப்போதே மூடி வைக்கலாம். வாசிக்காமல் வாசித்ததாகக் கையெழுத்துப் போடுவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

விதிகளைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். கதை விளங்குவதற்காக ஒன்றை மட்டும் நான் சொல்ல வேண்டும். மானிய வீட்டின் குத்தகை ஒருவரின் பெயரில் மட்டும் இருந்து அவர் இறந்துபோனால், முப்பது நாளில் அந்தக் குத்தகை முடிந்துவிடும். கூட இருந்த பிள்ளை அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கலாமா என்று பார்க்க நாங்கள் முதலில் எடுப்பது ஆண்டுதோறும் நிரப்பும் படிவத்தை. அதில் பிள்ளையின் பெயர் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால், அந்தப் பிள்ளை பத்து வருடம் அங்கே படுத்து எழும்பியிருந்தாலும் எங்களைப் பொறுத்தவரை விருந்தாளி.

பெயர் ஏன் எழுதப்படவில்லை என்று கேட்டுப் பாருங்கள். மறந்துபோச்சு என்பார்கள். எழுதினால் வாடகை ஏறும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். பிள்ளை எப்படியும் கலியாணம் கட்டிப் போய்விடும்தானே என்பார்கள். பிள்ளைக்கு வயது நாற்பது. செத்த வீட்டில் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்கும்போது உங்களுக்கு எரிச்சல் வரும். எனக்கும் வந்தது, கடைசி நாள் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு தடவை அந்தப் பெயரை எழுதாமல் விட்டது நான்தான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடம் ஒன்றில் திரேசம்மா அன்ரி இருந்தார். மன்னாரிலிருந்து வந்தவர், கணவர் இறந்துவிட்டார், ஓர் அறை கொண்ட வீடு. மகன் அருள் குடும்பத்தோடு நகர ஓரத்தில், ரூஜில், சொந்த வீட்டில் இருந்தார். மகள் ஜெசிந்தா கலியாணம் கட்டி லண்டனில் இருப்பதாக அன்ரி சொல்வார். எனக்கும் சொன்னார், மாதா கோயிலிலும் சொன்னார், லிஃப்ற்றில் சந்திப்பவர்களுக்கும் சொன்னார். சலரோகத்தால் அவருடைய காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அலுவலகத்துக்கு வரமுடியாத நிலை என்பதால் படிவம் நிரப்ப நானே வீட்டுக்குப் போவேன்.

அவர் இறப்பதற்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அப்படித்தான் போனேன். அன்று நான் போகவேண்டிய வீடு இன்னும் நாலு இருந்தது. அன்ரி கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லியும் குசினியிலிருந்து ஒரு பெண் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் திரும்பிப் போனாள்.

"ஆர் அன்ரி அது?"

"அது ஹோம்கெயார் பிள்ளை. காலுக்கு மருந்து கட்ட வாறவ."

ஹோம்கெயாருக்கு வரும் பெண் வேலைசெய்யும் வீட்டில் தலைமுழுகிவிட்டுத் துவாயைச் சுற்றிக்கொண்டு நிற்பதில்லை. அதோடு அவளுக்கு அன்ரியின் மூக்கு, அன்ரியின் நாடி. சோபாவின் ஓரத்தில் மடித்த போர்வையும் தலையணையும் இருந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன். படிவத்தில் 'வீட்டில் வசிப்பவர்கள்' என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன்.

ஏன் கேட்கவில்லை? அன்று என்னிடம் கேட்டிருந்தால், வயதான மனுசியை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று சொல்லியிருப்பேன். அது மரியாதை என்று நானே நம்பினேன். உண்மை என்னவென்றால், கேட்டால் இன்னொரு படிவம், இன்னொரு மணித்தியாலம், அழுகை, ஒரு நீண்ட கதை. எனக்கு நாலு வீடு இருந்தது.

புறப்படும்போது அன்ரி இன்னொன்றும் செய்தார். வெறும் படிவம் ஒன்றை வாங்கி, அடியில் நடுங்கும் கையால் கையெழுத்து வைத்துத் தந்தார்.

"அடுத்த முறைக்கு எனக்குக் கை ஓடுதோ தெரியாது பிள்ளை. இதை வைச்சிரும். நீரே நிரப்பும்."

இப்படி வாங்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். வாங்கி என் மேசை லாச்சியில் போட்டேன். அடுத்த வருடம் அன்ரி தன் கையாலேயே கையெழுத்து வைத்தார். இது லாச்சியிலேயே கிடந்தது.

அதற்கடுத்த வருடம், படிவம் நிரப்பவேண்டிய அதே மாதத்தில், அன்ரி இறந்துவிட்டார். நல்லடக்கம் முடிந்து நாலாம் நாள் ஜெசிந்தா அலுவலகத்துக்கு வந்தாள். கறுப்பு ஜக்கெற்றைக் கழற்றாமல் என் முன்னால் இருந்தாள்.

"அக்கா, அம்மான்ர வீட்டை விடச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. நான் அங்கதான் இருக்கிறனான்."

"எப்ப தொடக்கம்?"

"ஏழு வருசம்."

என் பேனை நின்றது. ஏழு வருடத்தில் அவளுக்கென்று சொல்லும்படி வருமானம் ஒன்றும் இருக்கவில்லை. தாயைப் பார்ப்பதே முழுநேர வேலை. பெயரை எழுதியிருந்தாலும் வாடகை ஏறியிராது. வாடகைக்குப் பயந்து மறைத்திருந்தாலாவது எனக்கு விளங்கியிருக்கும்.

லண்டன் கலியாணம் இரண்டாம் வருடமே முறிந்து ஜெசிந்தா ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்திருந்தாள். தாய் அவளை உள்ளே எடுத்தார், கதவைச் சாத்தினார், வெளியே யாருக்கும் சொல்லவில்லை. வங்கிக் கடிதம், வரிக் கடிதம், சுகாதார அட்டை எல்லாம் ரூஜில் இருக்கும் அண்ணனின் விலாசத்துக்குப் போயின. தமிழ்க் கடைக்குப் போனால் யாராவது காண்பார்கள் என்று அவள் சீனக் கடையில் சாமான் வாங்கினாள். பூசைக்கு இரண்டு பஸ் மாறி வேறொரு கோயிலுக்குப் போனாள்.

"செத்தவீட்டிலயும் நான் லண்டனில இருந்து வந்த ஆள்தான்," என்றாள். "ஒரு அன்ரி கேக்கிறா, நித்திரை சரியா வருதோ பிள்ளை, உமக்கு அங்கத்தை நேரம்தானே எண்டு. நான் ஓம் எண்டனான். வேற என்னத்தைச் சொல்ல?"

எனக்கு யார்மேல் கோபிப்பது என்று தெரியவில்லை. செத்துப்போன அன்ரிமேல் கோபிக்க முடியாது. இவள்மேல் கோபிக்கலாம்; நாற்பத்திரண்டு வயதுப் பெண், ஏழு வருடத்தில் ஒரு தடவை எங்களுக்குத் தொலைபேசி எடுத்திருக்கலாம். அதை அவளிடம் சொல்லியும்விட்டேன்.

"அண்ணையோட போய் இருக்க ஏலாதோ?"

"அவையின்ர பேஸ்மென்ற்றில ஆக்கள் வாடகைக்கு இருக்கினம். மேல பிள்ளையளோட படுக்கலாம் எண்டு அண்ணை சொல்லுறார். அங்க போனாலும் நான் விசிற்றுக்கு வந்த ஆள் அக்கா. அண்ணியின்ர ஆக்களுக்கும் லண்டன் கதைதான் சொல்லியிருக்கு. எத்தினை நாளைக்கு விசிற்றுக்கு நிக்கிறது?"

அவள் அந்த வீட்டில் இருந்தாள் என்பதற்கு ஏதாவது காகிதம் வேண்டும் என்றேன். இல்லை என்றாள். அயலவர்? அவர்கள் அவளை ஹோம்கெயார் பெண் என்று நினைத்திருந்தார்கள். திரேசம்மா அன்ரி பொய்யைப் பாதியில் விடுகிற ஆளில்லை.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். ஒன்றை மட்டும் உங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறேன்: காகிதம் இல்லை என்று சொல்பவர்களின் வீட்டுக்கு நேரே போய்ப் பாருங்கள். ஜெசிந்தா தாயின் மருந்துச் சாமானையெல்லாம் குப்பைப் பையில் போட்டுக் கட்டி வாசலில் வைத்திருந்தாள், அந்த மாடியிலுள்ள குப்பைக் குழாயில் தள்ளுவதற்கு. பைக்குள்ளே நீல நிறத்தில் ஒரு கோப்பின் மூலை தெரிந்தது.

"இது என்ன?"

"நேர்ஸ் வந்து எழுதிற கொப்பி. இனி என்னத்துக்கு?"

பையை அவிழ்த்தேன். புண்ணுக்கு மருந்து கட்ட வந்த தாதிமார் ஒவ்வொரு தடவையும் குறிப்பு எழுதியிருந்தார்கள். மகள் மருந்து கொடுத்தார். மகளுக்குக் கட்டுப்போடக் காட்டிக்கொடுக்கப்பட்டது. முதல் பக்கத்தில், நோயாளி யாருடன் வசிக்கிறார் என்ற கேள்விக்கு, மகள் ஜெசிந்தாவுடன் என்று தெளிவாக இருந்தது. கோயிலுக்கும் ஹவுசிங்குக்கும் சொன்ன பொய்யை அன்ரி தாதிக்குச் சொல்லவில்லை. இரவில் இன்சுலின் யார் போடுவது என்று தாதி கேட்டிருப்பாள். அங்கே பொய் சொன்னால் உயிர் போய்விடும்.

கோப்பு நல்ல சாட்சி. ஆனால் அது மட்டும் காணாது. அரசாங்கக் காகிதமெல்லாம் ரூஜ் என்கிறது. மகள் அங்கிருந்து தினமும் வந்து போயிருக்கலாமே என்று மேலிடம் கேட்கும். அதை உடைக்க ஒரே வழி, அருள் ஒரு கடிதம் தரவேண்டும். தங்கச்சி என் விலாசத்தைப் பாவித்தாள், என் வீட்டில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை என்று இரண்டு வரி.

அருள் வேலை முடிந்து நேரே வந்தார். நல்ல உடுப்பு, களைத்த முகம், மரியாதையான பேச்சு.

"அக்கா, கடிதம் தாறது எனக்குப் பிரச்சினையில்லை. ஆனா பாருங்கோ, வரிக் காகிதத்தில என்ர விலாசம். நான் பொய்க்கு இடம் குடுத்தனான் எண்டு நாளைக்கு வந்தா? மற்றது, என்ர மனுசியின்ர ஆக்களுக்கு இது தெரிய வந்தா எனக்கு வீட்டில இருக்க ஏலாது."

"அப்ப தங்கச்சி எங்க போறது தம்பி?"

கதிரையை முன்னுக்கு இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா சொன்னவ, உங்களிட்ட ஒரு போமில கையெழுத்து வைச்சுத் தந்தனான் எண்டு. இந்த வருசத்துப் போம் இன்னும் போகேல்லைத்தானே. அதில ஜெசிந்தான்ர பேரை எழுதிவிடுங்கோவன். அம்மாவே எழுதித் தந்த மாதிரி. ஒருத்தருக்கும் நட்டமில்லை."

மேசையில் கிடந்த நீலக் கோப்பை அவர் பக்கம் தள்ளினேன்.

"உங்கட கையால உண்மை எழுத மாட்டியள்," என்றேன். "என்ர கையால பொய் எழுதச் சொல்லுறியள்."

அவர் எழுந்து போனார். கடிதம் வரவில்லை.

அவர் போனபின் லாச்சியைத் திறந்தேன். நான் புனிதவதி என்று நினைக்க வேண்டாம். படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பேனையும் எடுத்தேன். அன்ரி உயிரோடு இருந்த கடைசி வாரத்துத் திகதி ஒன்று, ஜெசிந்தா என்று ஒரு பெயர், உறவுமுறை மகள். எழுதுவதெல்லாம் உண்மைதானே என்று மனம் சொன்னது. அவள் மகள்தான், அங்கே இருந்தவள்தான். திகதி மட்டும்தான் பொய்.

அதை எழுதவிடாமல் தடுத்தது நேர்மை என்று சொல்ல ஆசை. தடுத்தது கணனி. அன்ரியின் வீட்டுக் கோப்பை அதில் திறந்திருந்தேன். திரையில் இரண்டு வருடத்துக்கு முன் நான் பதிந்த வரி நின்றது: வீட்டுக்குச் சென்றேன், குத்தகைக்காரர் தனியாக வசிக்கிறார், பிரச்சினை இல்லை. அதன் கீழே என் பெயர். பொய்யான படிவம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, அதை எழுதியது நான்தான். இரண்டாவதை எழுதினால் முதலாவதும் மூடப்பட்டுவிடும், எனக்கும் ஒன்றும் ஆகாது. அந்தச் சுகம்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

படிவத்தையும் நீலக் கோப்பையும் எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனேன். ஜமேக்காவிலிருந்து வந்த பெண்மணி. பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். யாரிடமும் குரலை உயர்த்தாதவர், யாரையும் இலகுவில் விடாதவர். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பெண்ணை அந்த வீட்டில் நான் கண்டேன், தெரிந்துகொண்டே எழுதாமல் விட்டேன், அதை எழுத்தில் தருகிறேன் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"நீ அவளை உண்மையாகவே கண்டாயா? அல்லது கண்டிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறாயா?"

உடனே பதில் சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். பரிதாபம் வந்துவிட்டால் காணாததையும் கண்டதாக மனம் சோடித்துவிடும். அந்த நாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தேத்தண்ணி, துவாய், மூக்கு, மடித்த போர்வை. இவற்றை மட்டும் சொன்னேன். ஏழு வருடம் இருந்தாள் என்று நான் சாட்சி சொல்லமுடியாது, ஒரு நாளைக்குத்தான் சொல்லமுடியும் என்றும் சொன்னேன்.

"அப்படியென்றால் அந்த ஒரு நாளை எழுது," என்றார். "அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம்."

பிறகு கையெழுத்து வைத்த வெறும் படிவத்தை எடுத்துப் பார்த்தார். அதற்குத்தான் எனக்கு ஏச்சு விழுந்தது. இதை இரண்டு வருடமாக லாச்சியில் வைத்திருந்த உன்னை நான் எப்படி நம்புவது என்று கேட்டார். என் பணிக்கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று ஏறியது. ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தது. அது நியாயமான கடிதம்.

ஜெசிந்தாவிடமும் சொல்லவேண்டியிருந்தது, என் வாக்குமூலம் அவளுடைய கோப்பில் இருக்கிறது, மேலிடம் அதைப் பற்றி அவளைக் கேட்கும். நன்றி சொல்வாள் என்று எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும்.

"அப்ப அண்டைக்கே உங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"ஓம்."

"நான் குசினிக்குள்ள நிண்டு காத்துக்கொண்டு நிண்டனான் அக்கா. இவ இப்ப கேப்பா, கேட்டா வெளியில வந்து சொல்லுவம் எண்டு. அம்மா கத்தினாலும் பரவாயில்லை எண்டு நிண்டனான். நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போட்டியள்."

அவளை நான் ஏசியது அப்போது ஞாபகம் வந்தது. ஏழு வருடத்தில் ஒரு தடவை தொலைபேசி எடுத்திருக்கலாம் என்று சொன்னேனே. அவளுடைய வீட்டுக்குள் போய், அவள் கையால் வாங்கிக் குடித்துவிட்டு, கேட்காமல் வந்த நான்.

முப்பது நாள் முடிந்தும் மேலாளர் சாவியைக் கேட்கவில்லை. கோப்பு மேலிடத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு இன்னும் ஆறு வாரம் இழுத்துப் பிடித்தார். முடிவு வந்தபோது அது பாதி முடிவு. தாயைப் பராமரித்தவள் என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த வீட்டின் உறுப்பினர் என்று ஏற்கவில்லை. ரூஜ் விலாசத்துக்கு விளக்கம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மோர்னிங்சைட் வீட்டை விடவேண்டும். விசேட காரணம் காட்டி நகரத்தின் மறு அந்தத்தில், ரெக்ஸ்டேலில், ஒற்றை அறைக் குடியிருப்பு ஒன்றைத் தந்தார்கள். இரண்டு வரிக் கடிதம் ஒன்று வந்திருந்தால் அவள் இருந்த இடத்திலேயே இருந்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் கடிதமே தேவைப்பட்டிராது. இதையும் நினைக்கிறேன்.

நீங்கள் போகப்போகும் வீடுகளிலும் இப்படி ஒருவர் குசினிக்குள் நிற்பார். கேளுங்கள். முகத்தைப் பார்த்து, வேறு ஆராவது இங்கே இருக்கிறார்களா என்று கேளுங்கள். எழுதினால் வாடகை ஏறுமா ஏறாதா என்று கணக்கைத் திறந்து காட்டுங்கள். பொய் சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள். கோபிப்பார்கள், கோபித்துவிட்டுப் போகட்டும். கேட்காமல் விடுவதைப் பண்பு என்று நினைத்து உங்களை நீங்களே மெச்சிக்கொள்ள வேண்டாம். வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கவும் வேண்டாம். இதைச் சொல்லவேண்டியிருப்பதே எனக்கு வெட்கம்.

வீடு மாறும் சனிக்கிழமை நான் ரெக்ஸ்டேலுக்குப் போனேன். அன்று எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை. அருள் வாடகை வான் ஒன்றில் ஜெசிந்தாவோடும் சாமான்களோடும் வந்திருந்தார். என்னைக் கண்டு தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். தாயின் கதிரையையும் அரிசி மூட்டையையும் இரண்டு பெட்டிகளையும் லிஃப்ற்றுக்குள் ஏற்றி, மூவரும் ஒடுங்கிக்கொண்டு நின்றோம்.

இரண்டாம் மாடியில் கதவு திறந்தது. கையில் உடுப்புக் கூடையோடு ஒரு தமிழ் அம்மா ஏறினார். எங்களைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"புதுசா வந்திருக்கிறியளோ? எங்கயிருந்து பிள்ளை?"

"லண்டன்..." என்று அருள் தொடங்கினார். ஏழு வருடப் பழக்கம், வாய் தானாகவே போனது.

"மோர்னிங்சைட்டில இருந்து," என்றாள் ஜெசிந்தா. "கலியாணம் முறிஞ்சு வந்து அம்மாவோட இருந்தனான். அம்மா செத்துப்போனா."

அந்த அம்மா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டார்.

"அப்பிடியோ," என்றார். "உடுப்புத் தோய்க்கிற அறை இரண்டாம் மாடியில. ஞாயிற்றுக்கிழமையில போகாதையும், சனம் கூட. நான் எட்டாம் மாடி. என்னவும் தேவையெண்டா வாரும்."

லிஃப்ற் ஆறாம் மாடியில் நின்றது. அருள் யாரையும் பாராமல் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினார்.